ஒரு மாதம் கடலோரத்திலிருந்து வேலை பார்க்க எந்த ஊர்?

மதுரைக்காரர்களுக்குக் கடல் பக்கத்திலும் இல்லை, எட்டாத தூரத்திலும் இல்லை. கிழக்கே தொண்டி, தென்கிழக்கே ராமேஸ்வரம், தெற்கே தூத்துக்குடியும் திருச்செந்தூரும். காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு எந்தப் பக்கம் கிளம்பினாலும் மதியச் சாப்பாட்டு நேரத்துக்கெல்லாம் கடலைப் பார்த்துவிடலாம். 2020-க்குப் பிறகு சென்னை, பெங்களூர் கம்பெனிகளின் வேலையை கே.கே. நகரிலும் திருநகரிலும் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து பார்ப்பவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். வேலையையும் விடாமல் ஒரு மாதம் கடல் பக்கமாகப் போய் இருந்தால் என்ன என்ற ஆசை அவர்களில் பலருக்கு உண்டு. நான் மென்பொருள் கையேடுகள் எழுதும் வேலையில் இருக்கிறேன். இந்தக் கடலோர ஊர்களில் பலமுறை தங்கி அந்த வேலையைப் பார்த்திருக்கிறேன். போக நினைப்பவர்கள் ஊர்களை எப்படி எடைபோட வேண்டும் என்று எனக்குப் பட்டதை இங்கே சொல்கிறேன்.

சுற்றுலா போகிறவர் கடலைப் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுக்கலாம். வேலையோடு போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது பக்கத்து ஊரை. காரணம் கரண்ட்.

மின்வாரியம் ஒவ்வொரு துணை மின்நிலையத்துக்கும் மாதாந்திரப் பராமரிப்பு என்று ஒரு நாளை ஒதுக்கும். காலை 9 மணிக்கு நிறுத்தினால் மதியம் 2 மணிக்கு வரும், சில நேரம் மாலை 5 ஆகிவிடும். மதுரையில் இது பெரிய சிக்கல் இல்லை. அண்ணா நகரில் கரண்ட் இல்லையென்றால் பழங்காநத்தத்தில் இருக்கும் மச்சான் வீட்டுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். சின்னக் கடலோர ஊரில் அப்படி முடியாது. ஊர் மொத்தமும் ஒரே துணை மின்நிலையத்தில்தான் இருக்கும். லாட்ஜில் கரண்ட் போனால் எதிரே இருக்கும் டீக்கடையிலும் போகும், நூலகத்திலும் போகும். கொஞ்ச நேரத்தில் செல்போன் டவரின் பேட்டரியும் தீர ஆரம்பிக்கும். அதனால் நான் எந்த ஊருக்குப் போவதானாலும் இரண்டு நாற்காலி கணக்குப் பார்ப்பேன். முதலாவது தங்கும் அறையில் இருப்பது. இரண்டாவது, வேறு துணை மின்நிலையத்தில் இருக்கும் பக்கத்து ஊரில், அரை மணி, முக்கால் மணி நேரத்தில் போய் உட்காரக்கூடியது. இரண்டாவது நாற்காலி இல்லாத ஊர் எவ்வளவு அழகாக இருந்தாலும் சனி, ஞாயிறுக்கு மட்டும்தான்.

கொடைக்கானலை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்கலாம். 2024 மே மாதத்திலிருந்து மலையேற இ-பாஸ் எடுக்க வேண்டியிருக்கிறது. அதைவிட, எனக்குக் கடல்தான் வேண்டும்.

ராமேஸ்வரமா, பாம்பனா?

மதுரைக்காரர் கடல் என்றதும் முதலில் நினைப்பது ராமேஸ்வரத்தை. தூரம் 170 கி.மீ. சொச்சம். மாட்டுத்தாவணியில் எப்போது போனாலும் பஸ் கிடைக்கும். ரயிலும் திரும்ப வந்துவிட்டது. 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயிலை நிறுத்தினார்கள். இரண்டு வருஷத்துக்கு மேல் மண்டபத்திலேயே இறங்கி பஸ் பிடிக்க வேண்டியிருந்தது. 2025 ஏப்ரல் 6-இல் புதிய தூக்குப் பாலம் திறந்தபிறகு மதுரையில் ஏறினால் நேராக ராமேஸ்வரத்தில் இறங்கலாம். ஏறக்குறைய நாலு மணி நேரம்.

ராமேஸ்வரம் ஊருக்குள் அறைக்குப் பஞ்சமில்லை. பெரிய ஓட்டல்கள், லாட்ஜுகள், சமுதாய மடங்கள், சுற்றுலாத் துறையின் தமிழ்நாடு ஓட்டல் என்று எல்லா விலையிலும் கிடைக்கும். சாப்பாட்டுக்கும் கவலையில்லை. ஆனால் அது யாத்திரைக்காரர்களின் ஊர், அதன் கடிகாரமே வேறு. காலை 5 மணிக்கு ஸ்படிக லிங்க தரிசனம், அதற்கு முன்னால் அக்னி தீர்த்தத்தில் முழுக்கு, பிறகு 22 தீர்த்தம். அப்படியானால் லாட்ஜ் எழுந்திருப்பது மூன்றரை மணிக்கு. வராந்தாவில் வாளிச் சத்தம், குழந்தைகளை எழுப்பும் சத்தம், கீழே டிரைவர் வேனை ஸ்டார்ட் செய்து வைத்துவிட்டு ஆட்களைக் கூப்பிடும் சத்தம். அவர்கள் வந்த காரியம் அது, குறை சொல்ல முடியாது. இரவு 11 மணி வரை அமெரிக்காக்காரர்களோடு பேசிவிட்டுப் படுக்கிறவருக்கு அந்த ஊர் ஒத்துவராது, அவ்வளவுதான். ஆடி அமாவாசை, தை அமாவாசை, மகாளய அமாவாசை நாட்களில் பஸ் ஸ்டாண்டிலிருந்து கோயில் பக்கம் போவதே பெரிய வேலை.

அதனால் ராமேஸ்வரத்தை இரண்டாவது நாற்காலியாக வைத்துக்கொண்டு, கொஞ்சம் முன்னாலேயே இறங்கிவிட வேண்டும் என்பது என் கருத்து. பாம்பன், தங்கச்சிமடம், பாலத்துக்கு இந்தப் பக்கம் மண்டபம், இன்னும் இந்தப் பக்கம் உச்சிப்புளி, அரியமான் கடற்கரை. இந்த நாற்பது கிலோமீட்டருக்குள் வீட்டு மாடியைப் பிரித்து விடுபவர்கள், சின்ன ரிசார்ட்டுகள், மீன்வளத் துறை ஆட்களும் ஆராய்ச்சிக்கு வருபவர்களும் தங்கும் லாட்ஜுகள் என்று இருக்கின்றன. மண்டபம் கேம்ப்பில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் பல காலமாக இருப்பதால், மாதக்கணக்கில் வந்து தங்கி வேலை பார்ப்பவர்களை அந்த ஊர் புதிதாகப் பார்ப்பதில்லை. ஒருவன் பகல் முழுக்க அறைக்குள் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருந்தால் யாரும் வந்து விசாரிக்க மாட்டார்கள்.

இந்தப் பக்கத்துக்கு இன்னொரு வசதி உண்டு. கையை நீட்டினால் இரண்டு கடல். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. அலையடிக்காத வடகடலைப் பெண் கடல் என்றும் இரைச்சலோடு இருக்கும் தென்கடலை ஆண் கடல் என்றும் ஊர்க்காரர்கள் சொல்வார்கள். அறை வடகடல் பக்கம் கிடைத்தால் கதவைச் சாத்தாமலே மீட்டிங் பேசலாம். தென்கடல் பக்கம் கிடைத்தால் சாயங்கால நடை நன்றாக இருக்கும், பேச்சு வேலைக்கு ஜன்னலைச் சாத்த வேண்டும். வேலை முடிந்ததும் குந்துகாலுக்குப் போய் வரலாம். 1897 ஜனவரியில் விவேகானந்தர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இறங்கிய இடம், நினைவு மண்டபம் இருக்கிறது, பெரும்பாலும் கூட்டம் இருக்காது.

அறை பார்க்கப் போனபோது நடந்த ஒரு பேச்சைச் சொல்ல வேண்டும். கடலோர ஊர் எதிலும் அறை பிடிப்பதற்கு இது உதவும். மண்டபம் பக்கம் ஒரு லாட்ஜ், மேனேஜர் ஐம்பது வயதுக்காரர்.

"அண்ணே, இன்வெர்ட்டர் இருக்கா?"

"இருக்கு தம்பி. ஃபேன், லைட்டு ரெண்டும் ஓடும்."

"வைஃபை பெட்டி எங்கண்ணே இருக்கு?"

"கீழ, டிவி பக்கத்துல."

"அந்த பிளக்கு இன்வெர்ட்டர்ல சேர்ந்திருக்கா?"

கொஞ்சம் யோசித்தார். "அதை யாரும் கேட்டதில்லையே. இருங்க, பாத்துருவோம்" என்று மெயினை அணைத்தார். தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. டிவி பக்கத்தில் இருந்த ரவுட்டரின் பச்சை விளக்கு அணைந்துவிட்டது. மனிதர் விடவில்லை. சாயங்காலம் எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு இன்வெர்ட்டர் பாயிண்டிலிருந்து ஒரு வயர் இழுத்து ரவுட்டருக்குக் கொடுத்துவிட்டார். "இனிமே வர்றவங்களுக்கும் ஆச்சுல்ல தம்பி" என்றார்.

லேப்டாப் பேட்டரியில் மூன்று நான்கு மணி நேரம் ஓடும். ஃபேன் இல்லாமலும் சமாளிக்கலாம். ரவுட்டர் நின்றால் எல்லாம் நின்றுவிடும். அது இழுப்பது பத்துப் பன்னிரண்டு வாட்தான். லாட்ஜில் ஏற்பாடு இல்லையென்றால் 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள், உள்ளங்கை அளவுதான் இருக்கும். ஃபைபர் யாருடையது என்றும் கேட்க வேண்டும். பெரிய கம்பெனிகளின் வீட்டு ஃபைபரில் வழியில் லைனைப் பிரித்துக் கொடுக்கும் ஸ்ப்ளிட்டருக்குக் கரண்ட் தேவையில்லை. எக்ஸ்சேஞ்சில் கரண்ட் இருந்து, உங்கள் ரவுட்டரும் உயிரோடு இருந்தால் நெட் வரும். உள்ளூர் கேபிள்காரர் தெருவில் சுவிட்ச் வைத்துக் கொடுக்கும் லைன் என்றால், அந்தத் தெருவில் கரண்ட் போனதும் உங்கள் யுபிஎஸ் என்ன பாடுபட்டாலும் நெட் வராது. ஸ்பீடைக் காலையில் பார்க்காதீர்கள், இரவு எட்டு மணிக்குப் பாருங்கள். வீடியோ மீட்டிங்குக்கு அப்லோடு 3 எம்பிபிஎஸ் நிற்காமல் வந்தால் தாராளம். டவுன்லோடு நூறு இருநூறு என்று விளம்பரத்தில் போட்டிருப்பது நம் வேலைக்கு அவசியமில்லை.

பாம்பன் பக்கத்தின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். இரவு ஒன்பதைத் தாண்டினால் சாப்பாடு கஷ்டம். மதுரையில் நடுராத்திரியில் இறங்கிப் போனாலும் சூடாக ஏதாவது கிடைக்கும் என்று பழகிய வயிறு அங்கே திண்டாடும். இரவு ஷிஃப்ட்காரர்கள் ஏழரைக்கே பார்சல் வாங்கி வைத்துவிட வேண்டும், அல்லது அறையில் ஒரு கெட்டில் வேண்டும். குடிக்கக் கேன் தண்ணீர்தான். குழாய்த் தண்ணீர் உப்புக் கரிக்கும், அதில் சோப்பு நுரைக்காது. அப்புறம், தனுஷ்கோடிப் பக்கம் போகும்போது போனில் டேட்டா ரோமிங்கை அணைத்து வையுங்கள். அரிச்சல்முனை பக்கத்தில் இலங்கை நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்ளும். கம்பெனி மெயில் வெளிநாட்டிலிருந்து திறக்கப்பட்டதாகப் பதிவானால் ஐடி டிபார்ட்மெண்ட்டுக்கு விளக்கம் சொல்ல வேண்டி வரும். தனுஷ்கோடி 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர். அங்கே வேலை பார்க்க இடமும் கிடையாது, இருட்டிய பிறகு இருக்க விடவும் மாட்டார்கள். போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

காற்றும் மழையும்

எந்த ஊர் என்பதைப் போலவே எந்த மாதம் என்பதும் முக்கியம். வைகாசி கடைசியிலிருந்து புரட்டாசி வரை பாம்பனில் கச்சான் காற்று என்கிற தென்மேற்குப் பருவக்காற்று வீசும். எழுதுகிற வேலை, புரோகிராம் வேலை என்றால் அந்தக் காற்று சுகம். பேசுகிற வேலை என்றால் தொல்லை. மொட்டை மாடியிலோ வராந்தாவிலோ மீட்டிங் பேச முடியாது. காற்று மைக்கில் அறைந்து, நீங்கள் பஸ்ஸில் போய்க்கொண்டிருப்பதாகத்தான் அந்தப் பக்கம் கேட்கிறவர் நினைப்பார். தென்கடல் பக்க அறையில் ஜன்னலைத் திறந்துவைத்தால் அரை மணி நேரத்தில் கீபோர்டில் மணல் நறநறக்கும். அந்தக் காற்றின் வேகத்துக்கு ஒரு அளவு சொல்ல வேண்டுமென்றால், மணிக்கு 58 கி.மீ.-ஐத் தாண்டினால் பழைய பாலத்தில் ரயிலையே நிறுத்தி வைப்பார்கள். புதிய பாலத்திலும் காற்றை அளக்கும் கருவி வைத்திருக்கிறார்கள். ரயிலை நம்பித் திங்கட்கிழமை காலை மதுரையில் இருக்க வேண்டியவர்கள் ஞாயிறு மத்தியானமே கிளம்புவது நல்லது.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இந்தக் கடலோரம் எதற்குமே போக வேண்டாம் என்பேன். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் 10 மணி நேரத்தில் 41 செ.மீ. மழை கொட்டியது. அதற்கு முந்தின வருஷம் டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளத்துக்கு நடுவில் நின்றுபோய், உள்ளே இருந்தவர்கள் ஒரு நாளுக்கு மேல் அங்கேயே தவித்தார்கள். மழை தொடங்கினால் நெட் போவது சின்ன விஷயம். ஊரைவிட்டு வெளியே வரும் வழியே இல்லாமல் போகலாம். பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருப்பதாகச் செய்தி வந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள்.

தை பிறந்ததிலிருந்து பங்குனி வரைதான் நல்ல காலம். கடல் அடங்கியிருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்தச் சமயத்தில் துறைமுகம் அமைதியாக இருக்கும், நாட்டுப்படகு மீன் மட்டும் வரும், மீன் விலை ஏறிவிடும். மே மாதம் பள்ளி லீவு என்பதால் ராமேஸ்வரம் நிரம்பி வழியும். மண்டபம் வரை அந்தக் கூட்டம் வராது.

தூத்துக்குடி

அமைதியான கடலோர ஊர் வேண்டும் என்று கேட்டால் தூத்துக்குடியை யாரும் சொல்ல மாட்டார்கள். துறைமுகம், உப்பளம், லாரி, அனல்மின் நிலையம் என்று அது உழைக்கிற ஊர். ஆனால் நாளுக்கு நாலைந்து மணி நேரம் மீட்டிங்கில் இருக்க வேண்டியவர் என்னிடம் கேட்டால் தூத்துக்குடியைத்தான் சொல்வேன். காரணம் அதே இரண்டாவது நாற்காலி. அது மாநகராட்சி. ஊருக்குள்ளேயே பல துணை மின்நிலையங்கள். புதிய பஸ் ஸ்டாண்ட் பக்கம் கரண்ட் இல்லையென்றால் கடற்கரைச் சாலைப் பக்கம் இருக்கும். ஜெனரேட்டர் உள்ள நல்ல ஓட்டல்கள் நிறைய உண்டு. கப்பல் வேலையாக வருபவர்கள் தங்குவதால் அறையில் மேஜை, நாற்காலி, சரியான உயரத்தில் பிளக் பாயிண்ட் எல்லாம் இருக்கும். யாத்திரை ஊர் லாட்ஜ்களில் கட்டில் மட்டும் இருக்கும், மேஜை இருக்காது. கட்டிலில் சம்மணம் போட்டு ஒரு வாரம் வேலை பார்த்தவருக்குத்தான் மேஜையின் அருமை தெரியும். 2024 டிசம்பரில் மீளவிட்டானில் நியோ டைடல் பூங்காவும் திறந்தார்கள். அது ஐடி கம்பெனிகளுக்கான இடம், ஒரு மாதத்துக்கு வந்து போகிறவருக்கு நேரடியாக உதவாது. இருந்தாலும் இந்த மாதிரி வேலைக்கு ஊர் தயாராகிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அது ஓர் அடையாளம்.

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை, எட்டயபுரம் வழியாக நான்கு வழிச் சாலை, 140 கி.மீ. சொச்சம், இரண்டரை மணி நேரம். வீட்டில் திடீரென்று ஒரு காரியம் என்றால் ராத்திரியே திரும்பி வந்துவிடலாம். வயதான அப்பா அம்மாவை விட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு இது பெரிய விஷயம். ராத்திரி எத்தனை மணிக்கு வேலை முடிந்தாலும் சாப்பாடு கிடைக்கும். அங்கே புரோட்டாக் கடைகளுக்கு நைட் கிளப் என்றே பெயர். மக்ரூன் வாங்கி மேஜையில் வைத்துக்கொண்டால் மத்தியானத் தூக்கமும் வராது.

கடல்? இருக்கிறது, ஆனால் ஜன்னலுக்கு வெளியே அல்ல. சாயங்காலம் ரோச் பூங்கா, முத்துநகர் கடற்கரை, கொஞ்சம் தள்ளி முயல் தீவு. முன்னால் தீவுகள் இருப்பதால் அலை அதிகம் கிடையாது. குளிக்க, கால் நனைக்க நல்ல கடல்தான். கண் திறந்ததும் கடலைப் பார்க்க வேண்டும் என்று போகிறவர்களுக்கு மட்டும் இது ஏமாற்றம்.

திருச்செந்தூரும் மணப்பாடும்

திருச்செந்தூரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முருகன் வாசலில் அலையடிக்கிறது, அழகான கடற்கரை. ஆனால் 2025 ஜூலையில் கும்பாபிஷேகம் முடிந்தபிறகு கூட்டம் குறைகிற நாளே தெரியவில்லை. செவ்வாய், சஷ்டி, கிருத்திகை, ஞாயிறு, இப்போது பௌர்ணமி இரவில் கடற்கரையிலேயே தங்க வருகிறவர்களும் சேர்ந்துவிட்டார்கள். கந்த சஷ்டி நாட்களில் அறை கிடைப்பதே அதிசயம். சாமி கும்பிடப் போங்கள், வேலையைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

அங்கிருந்து தெற்கே 18 கி.மீ.-இல் இருக்கும் மணப்பாடு வேறு உலகம். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணல் குன்று, அதன் மேலே திருச்சிலுவைக் கோயில், கீழே பிரான்சிஸ் சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை, ஒரு பக்கம் கழிமுகம். அலையில் பலகை வைத்துச் சறுக்கும் இளைஞர்கள் சிலர் வந்து போவார்கள், மற்றபடி ஊர் அதன் பாட்டுக்கு இருக்கும். கடலுக்காக மட்டும் கேட்டால் இந்தக் கட்டுரையில் மணப்பாட்டைத்தான் முதலில் வைத்திருப்பேன்.

வேலைக்கு என்று கேட்டால் யோசிக்க வேண்டும். தங்க இடம் குறைவு, தெரிந்தவர் மூலம் வீடு கிடைத்தால்தான் உண்டு. சாமான் வாங்க உடன்குடிக்குப் போக வேண்டும். இரண்டாவது நாற்காலிக்குத் திருச்செந்தூர் வர வேண்டும், அங்கே கூட்டம் இருந்தால் தூத்துக்குடி வரை போக வேண்டும். நவராத்திரிப் பத்து நாளும் வழியில் குலசேகரப்பட்டினம் தசரா. லட்சக்கணக்கில் வேஷம் கட்டிய பக்தர்கள், ரோட்டில் நகரவே முடியாது. செப்டம்பர் 14 மணப்பாட்டிலேயே திருவிழா. நேரக் கெடு இல்லாத வேலை, மொழிபெயர்ப்போ ஓவியமோ ஆராய்ச்சிக் கட்டுரையோ கையில் இருந்தால் மணப்பாட்டுக்குப் போங்கள். தினமும் காலை 10 மணிக்கு ஸ்டாண்டப் மீட்டிங் உள்ளவர் வேண்டாம்.

மற்ற ஊர்கள்

தொண்டி நமக்கு மிகப் பக்கத்தில் இருக்கும் கடல். சிவகங்கை, காளையார்கோவில், திருவாடானை வழியாகப் போகும் நெடுஞ்சாலை அங்கேதான் முடிகிறது. பழைய துறைமுக ஊர், அலையில்லாத கடல், பக்கத்தில் காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறை படகு விடுகிறது. ஆனால் மாதக்கணக்கில் வேலைக்குத் தங்கும் ஏற்பாடு அந்த ஊரில் வளரவில்லை. தேவகோட்டைக்கோ ராமநாதபுரத்துக்கோ ஒரு மணி நேரம் பஸ்ஸில் போனால்தான் இரண்டாவது நாற்காலி. வியாழன் சாயங்காலம் போய், வெள்ளி அங்கிருந்து வேலை பார்த்து, ஞாயிறு திரும்புவதற்கு நல்ல ஊர். தேவிபட்டினத்துக்கும் இதேதான்.

கன்னியாகுமரி 240 கி.மீ.-க்கு மேல். கண்ணாடிப் பாலம் திறந்தபிறகு கூட்டமும் கூடிவிட்டது. அவ்வளவு தூரம் போவதென்றால் நாகர்கோவிலில் தங்கி, சாயங்காலம் கடலுக்குப் போய் வருவதுதான் சரி.

மதுரையிலேயே இருப்பதும் ஒரு வழிதான். சிலருக்கு உண்மையில் வேண்டியது கடல் இல்லை, வீட்டைவிட்டு வெளியே ஒரு மேஜை. அவர்கள் புது நத்தம் ரோட்டில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் ஒரு வாரம் உட்கார்ந்து பார்க்கட்டும். ஏசி உண்டு, சுற்றிலும் படிக்கிறவர்கள், காசு கிடையாது. போன் பேச மட்டும் எழுந்து வெளியே வர வேண்டும். அதிலேயே மனம் நிறைந்துவிட்டால் ஒரு மாத வாடகை மிச்சம்.

எதை எடுப்பது?

உங்கள் நாளில் பேச்சு எவ்வளவு, எழுத்து எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். பேச்சு பாதிக்கு மேல் என்றால் தூத்துக்குடி, எந்த மாதமானாலும், மழைக்காலம் தவிர. எழுத்தோ புரோகிராமோ பெரும்பங்கு, மீட்டிங் ஒன்றிரண்டுதான் என்றால் மண்டபம், பாம்பன் பக்கம், தை முதல் பங்குனி வரை. நான் எனக்கென்று எடுப்பது இதைத்தான். குழந்தைகளோடு போகிறவர்களும் தூத்துக்குடியையே எடுங்கள், ஆஸ்பத்திரி பக்கத்தில் இருப்பது தனி நிம்மதி. இரவு ஷிஃப்ட் என்றாலும் அதுவே. தனியாகப் போகும் பெண்கள் பாம்பனைவிட உச்சிப்புளிப் பக்கம் குடும்பத்தோடு இருக்கும் வீட்டின் மாடியைத் தேடினால் நல்லது. வீட்டுக்கார அக்காவே சமைத்தும் கொடுப்பார், ராமநாதபுரமும் அரை மணி நேரத்தில் இருக்கிறது.

மாத வாடகை பேசும்போது நாள் வாடகையை முப்பதால் பெருக்கிச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், பேசினால் நன்றாகவே இறங்கி வருவார்கள். அமாவாசை, திருவிழா, லீவு நாட்களிலும் அதே வாடகைதானா, அறையை மாற்றச் சொல்வார்களா என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன்னால் கேட்டு வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிவிடுங்கள். முழு மாதத்துக்கும் முன்பணம் கட்டாமல், முதலில் ஒரு செவ்வாய், புதன் போய் இரண்டு ராத்திரி தங்கி, அறையிலிருந்தே வேலை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். வார நாளில் போனால்தான் ஊரின் உண்மையான சத்தமும் நெட்டின் உண்மையான வேகமும் தெரியும்.

இரண்டு கம்பெனி சிம் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று அறைக்குள் எடுக்காவிட்டால் மற்றது எடுக்கும். நீளமான எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றும் வேண்டும், பழைய லாட்ஜ்களில் பிளக் பாயிண்ட் கதவுக்குப் பின்னால்தான் இருக்கும். கடலோரத்தில் ஜன்னல் கம்பியைத் தொட்டாலே விரல் பிசுபிசுக்கும், அந்த உப்பு லேப்டாப் ஓட்டைகளுக்குள்ளும் போகும். வேலை முடிந்ததும் காய்ந்த துணியால் துடைத்து மூடி, பைக்குள் வைத்து ஜிப்பைப் போட்டுவிட்டுக் கடலுக்குக் கிளம்புங்கள்.